ஐந்து மொழிகளில் ஒரு நினைவுமலர்: மட்டக்களப்பு நகரின் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம்

எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுமலரைத் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், நோர்வேஜியம் ஆகிய ஐந்து மொழிகளில் பக்கம் அமைத்து அச்சிட்டுத் தந்த நிலையத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். புளியந்தீவில், போட்டோக் கொப்பி எடுக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில், மூன்று பணியாளர்களோடு அது இயங்குகிறது. பிறப்பத்தாட்சிப் பத்திரம், விவாகச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் போன்றவற்றை வெளிநாட்டு அலுவலகங்களுக்காக மொழிபெயர்ப்பதே அவர்களின் அன்றாட வேலை. நினைவுமலர் வேலை எப்போதாவதுதான் வருமாம். 24 பக்கங்கள், 200 பிரதிகள், 17 நாட்கள். மொழிபெயர்ப்புக்குப் பக்கமொன்றுக்கு 2,500 ரூபாய் வாங்கினார்கள்; அச்சுச் செலவு வேறு. முப்பத்தோராம் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே பெட்டிகள் வீடு வந்து சேர்ந்துவிட்டன.

விலையையும் நாளையும் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. நான் விரிவாக எழுத விரும்புவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் ஒன்றை அவர்கள் கையாண்ட விதத்தைப் பற்றியே. நம் ஊர்ப் பாடசாலைகளில் அவற்றைக் 'கெப்பிட்டல்', 'சிம்பிள்' என்றே சொல்வோம். முப்பத்தொரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த நான், நாட்டின் பெயர், இனத்தின் பெயர், மொழியின் பெயர், கிழமை, மாதம் ஆகிய அனைத்தும் கெப்பிட்டல் எழுத்தில் தொடங்க வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். அது ஆங்கிலத்தின் விதி மட்டுமே என்பதையும், ஏனைய ஐரோப்பிய மொழிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் செல்கின்றன என்பதையும் இந்த வேலையின் போதுதான் உண்மையாக உணர்ந்தேன்.

அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் நால்வர். அண்ணாவின் மகள் பாரிஸில் பிறந்தவள். அக்காவின் மகன் ஜேர்மனியில். தம்பியின் மகள் சூரிச்சில். தங்கையின் மகன் ஒஸ்லோவில். நால்வரும் அம்மாவோடு தொலைபேசியில் தமிழில் பேசுவார்கள், ஆனால் அச்சிட்ட தமிழை அவர்களால் சரளமாக வாசிக்க முடியாது. ஆகவே அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை அவரவர் மொழியிலும் தருவது என்று முடிவு செய்தோம். தமிழ்க் குறிப்பை நானே எழுதினேன். அதில் இப்படி ஒரு வசனம் வருகிறது: 'பேரப்பிள்ளைகளில் ஒருத்தி பிரெஞ்சுக்காரி, ஒருவன் ஜேர்மனியன், ஒருத்தி சுவிஸ்காரி, ஒருவன் நோர்வேக்காரன், நால்வரும் அம்மம்மாவோடும் அப்பம்மாவோடும் பேசியது தமிழ்.' இந்த ஒரு வசனத்தில் மட்டும் நிலையத்தார் இரண்டு நாட்கள் செலவிட்டார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது; காரணம் தெரிந்த பின்னர் அந்த வியப்பு மதிப்பாக மாறியது.

அதற்கு முன்னர், நாங்கள் முதலில் நாடிய வேறோர் இடத்தைப் பற்றி ஒரு சொல். அங்கே குறிப்பைக் கணினிக்குள் இட்டு, வந்ததை அப்படியே எடுத்துத் தந்தார்கள். அம்மாவின் பெயர் தங்கம். ஆங்கில வரைவில் அம்மா உலோகமாகியிருந்தார். ஒரு திங்கட்கிழமை எங்கள் வீட்டை விட்டுப் பொன் போய்விட்டதாக எழுதியிருந்தது. அந்தத் தாளை வாசித்த அன்று எனக்கு ஏற்பட்ட வேதனை பெரிது. பணத்தைத் திருப்பிக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

தமிழில் இந்தக் குழப்பம் ஏற்படுவது அரிது. நமக்குப் பெரிய எழுத்து என்று ஒன்று இல்லை. சிங்களத்துக்கும் அரபுக்கும் கூட இல்லை. உரோம, கிரேக்க, சிரில்லிக், ஆர்மேனிய எழுத்துகளைப் போன்ற சிலவற்றுக்கே அந்தப் பிரிவு உண்டு. ஆனால் அது செய்யும் வேலையை நம் மொழி வினைமுற்றில் செய்துவிடுகிறது: 'தங்கம் மறைந்தது' என்றால் பொருள், 'தங்கம் மறைந்தார்' என்றால் எங்கள் அம்மா. மலர் விழுந்ததற்கும் மலர் விழுந்தாள் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் அறியும். உயர்திணையா அஃறிணையா என்பது வசனத்தின் முடிவில் தெளிந்துவிடுவதால், சொல்லின் தலையில் அடையாளம் வைக்க வேண்டிய தேவை நமக்கு எழவில்லை.

புளியந்தீவு நிலையத்தில் என் குறிப்பைக் கையில் எடுத்தவர், முப்பது வயதுக்குட்பட்ட ஒரு பெண். பிரெஞ்சும் ஜேர்மனும் கற்றவர். முழுவதையும் ஒரு முறை வாசித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது: "ரீச்சர், இதில தமிழ் எண்டு வார இடமெல்லாம் ஆளைச் சொல்றீங்களா, மொழியைச் சொல்றீங்களா?" ஏன் கேட்கிறீர்கள் மகள் என்றேன். பிரெஞ்சு மொழியில் 'தமூல்' என்னும் ஒரே சொல் தமிழரையும் குறிக்கும், தமிழையும் குறிக்கும், தமிழ்ப் பாடல், தமிழ்ப் பாடசாலை என்பவற்றில் உள்ள அடையையும் குறிக்கும் என்றார். ஆளைக் குறிக்கும்போது மட்டும் பெரிய எழுத்து. மொழிக்கும் அடைக்கும் சிறிய எழுத்து. அதாவது தமிழ் என்பதோடு 'அர்' சேர்த்துத் தமிழர் என்று நாம் ஆக்குவதை, பிரெஞ்சுக்காரர் முதல் எழுத்தைப் பெரிதாக்கிச் செய்கிறார்கள். என் ஆங்கிலப் பழக்கத்தின்படி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் இட்டிருந்தால், அம்மா பாடிய தாலாட்டு ஒரு மனிதராகியிருக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், வாசிக்கும் பாரிஸ்காரிக்கு ஒவ்வொரு வரியிலும் கண் இடறியிருக்கும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'அவள் பிரெஞ்சுக்காரி' என்று பயனிலையாக மட்டும் சொன்னால் பிரெஞ்சில் அதைப் பெயரடையாகக் கொண்டு சிறிய எழுத்தில் எழுதுவதே பெருவழக்கு. 'அவள் ஒரு பிரெஞ்சுக்காரி' என்று 'ஒரு' சேர்த்துச் சொன்னால் அது பெயர்ச்சொல்லாகிப் பெரிய எழுத்து வந்துவிடும். என் தமிழ் வசனத்தில் 'ஒரு' இல்லை. ஆனால் 'பேரப்பிள்ளைகளில் ஒருத்தி' என்று இருக்கிறது. எதை எடுப்பது என்பதற்காகவே அந்தப் பெண் என்னை இரண்டாம் முறை அழைத்து, இரண்டு வடிவத்தையும் எழுதிக் காட்டி, எது பொருந்தும் என்று கேட்டார். பக்கத்துக்கு 2,500 ரூபாய் வாங்கும் இடத்தில் இந்த அக்கறை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கிழமையும் மாதமும் பிரெஞ்சில் சிறிய எழுத்தே. அம்மா பிறந்த தை மாதம், அவர் மறைந்த திங்கட்கிழமை இரண்டும் அந்தப் பக்கத்தில் அடக்கமாக நிற்கின்றன. இடப்பெயர்களோடு வரும் பொதுச்சொற்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கல்லடிப் பாலம், மட்டக்களப்பு வாவி என்பவற்றில் பாலமும் வாவியும் பெயரின் பகுதியாகிப் பெரிய எழுத்துப் பெறும். பிரெஞ்சில் கல்லடியும் மட்டக்களப்பும் மட்டுமே பெறும், பாலம் வெறும் பாலமாகவும் வாவி வெறும் வாவியாகவும் இருக்கும்.

ஜேர்மன் பக்கத்தை முதன்முதலில் பார்த்தபோது பிழை மலிந்த பக்கம் என்றே எண்ணினேன். தாய், கை, அரிசி, மீன், முற்றம், அன்பு என்று எந்தப் பெயர்ச்சொல்லைத் தொட்டாலும் பெரிய எழுத்து. ஜேர்மன் மொழியின் விதி அதுவே; பெயர்ச்சொல் அனைத்தும், அது ஆளின் பெயராயினும் அடுக்களைப் பானையாயினும், பெரிய எழுத்தில் தொடங்கும். 1948 வரை டேனிஷ் மொழியிலும் இதே வழக்கம் இருந்து பின்னர் கைவிடப்பட்டது. இதனால் ஒரு விளைவு உண்டு. ஆங்கிலத்தில் தங்கம் என்னும் உலோகம் சிறிய எழுத்திலும், ஆள் பெயர் பெரிய எழுத்திலும் இருப்பதால் இரண்டையும் கண் பிரித்தறியும். ஜேர்மனில் உலோகமும் பெரிய எழுத்தே. ஆகவே பெயரா பொருளா என்பதற்கு அந்த மொழியில் பெரிய எழுத்து துணை செய்யாது, தமிழில் போலவே வசனத்தின் மற்றைய பகுதியிலிருந்துதான் அறிய வேண்டும். இதை அந்தப் பெண் சொன்னபோது, நெடுநாள் அயலாராக இருந்த ஒருவர் உறவுமுறை சொல்லி அழைத்தது போல் இருந்தது.

பெயர்ச்சொல்லுக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுக்கும் அந்த மொழி, நாட்டைக் குறிக்கும் பெயரடைக்குச் சிறிய எழுத்தையே தருகிறது. ஜேர்மனியன் என்னும் ஆளுக்குப் பெரிய எழுத்து. ஜேர்மன் கடவுச்சீட்டு என்பதில் ஜேர்மன் சிறியது, கடவுச்சீட்டு பெரியது. ஆங்கிலம் அறிந்தவர் கண்ணுக்கு இது தலைகீழ். ஆனால் சுவிஸ் கடவுச்சீட்டு என்று எழுதும்போது இரண்டுமே பெரியவை, ஏனெனில் இடப்பெயரிலிருந்து 'அர்' என்று ஒலிக்கும் விகுதியோடு பிறந்த இத்தகைய அடைகளுக்கு விதிவிலக்கு உண்டு. அக்காவின் மகனும் தம்பியின் மகளும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருவதால், ஒருவரின் கடவுச்சீட்டைப் பற்றிச் சொல்லும் அடை சிறியதாகவும் மற்றவருடையது பெரியதாகவும் அச்சில் நிற்கின்றன. இரண்டும் சரி.

அண்ணாவின் விருப்பம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடவுளைக் குறிக்கும் 'அவர்' என்னும் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சமய நூல்களை வாசித்து வளர்ந்தவர் அவர். அம்மாவைக் குறிக்கும் 'அவர்', 'அவரின்' என்னும் சொற்களும் எல்லா மொழிப் பக்கங்களிலும் அவ்வாறே வரவேண்டும் என்று பாரிஸிலிருந்து சொல்லி அனுப்பினார். மகனுடைய அன்பில் பிறந்த வேண்டுகோள் அது. மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நிலையத்துப் பெண்தான் மறுத்தார். ஜேர்மனில் 'சீ' என்னும் சொல் சிறிய எழுத்தில் தொடங்கினால் அவள் அல்லது அவர்கள். பெரிய எழுத்தில் தொடங்கினால் மரியாதைக்குரிய நீங்கள். 'ஈரெ' என்பதும் அப்படியே, சிறியதானால் அவரின், பெரியதானால் உங்களின். என் குறிப்பில் 'அவரின் கைகளில் எப்போதும் கறிவேப்பிலை மணக்கும்' என்று ஒரு வரி இருக்கிறது. அண்ணா சொன்னபடி பெரிய எழுத்தை இட்டிருந்தால், வாசிக்கும் விருந்தாளியைப் பார்த்து 'உங்கள் கைகளில் கறிவேப்பிலை மணக்கும்' என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்கும். தமிழில் 'ஆர்' விகுதி ஏற்றிக் கொடுக்கும் மரியாதையை அந்த மொழியில் அந்த இடத்தில் எழுத்தின் அளவால் ஏற்ற முடியாது. விளக்கத்தைக் கேட்ட அண்ணா உடனே இணங்கினார்.

இந்த மாதிரியான மறுப்பைச் சொல்லத் துணியும் கடை எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. கேட்டதைக் கேட்டபடி அடித்துக் கொடுத்துக் காசை வாங்குவதே எளிது.

நிலைய உரிமையாளரின் தகப்பனார் முன்னர் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்தவர். மாடியின் ஒரு மூலையில் பழைய மரத்தட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. ஆங்கில ஈய எழுத்துகளில் பெரியவற்றை மேல் பெட்டியிலும் சிறியவற்றைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்துக் கோத்த வழக்கத்தால்தான் ஆங்கிலத்தில் அவற்றுக்கு மேற்பெட்டி எழுத்து, கீழ்ப்பெட்டி எழுத்து என்று பெயர் வந்தது என்பதை அந்தத் தட்டைக் காட்டியே அவர் எனக்குச் சொன்னார். இத்தனை ஆண்டுகள் அந்தப் பெயர்களைக் கற்பித்த எனக்கு, அவை பிறந்த பெட்டியைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது இந்த அலுவலில் வந்த பேறு.

தலைப்புகளில் அவர்களின் பணி ஒரே தரத்தில் இல்லை. ஆங்கிலத் தலைப்பில் முக்கியச் சொற்கள் அனைத்தும் பெரிய எழுத்துப் பெறுவது வழக்கம். பிரெஞ்சில் முதற்சொல்லும் பெயர்களும் மட்டுமே. இதைச் சரியாகச் செய்திருந்தார்கள். ஆனால் 'எங்கள் அம்மாவுக்கு' என்னும் பொருள் தரும் பிரெஞ்சுத் தலைப்பு ஒற்றை எழுத்துச் சொல்லொன்றில் தொடங்குகிறது. அந்த எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இருக்க வேண்டும். கோடு இருந்தால் 'கு' என்னும் வேற்றுமைப் பொருள்; இல்லாவிட்டால் 'உடையாள்' என்பது போன்ற வினைச்சொல். பெரிய எழுத்துக்குக் கோடு தேவையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள், பிரெஞ்சு அகாதமியோ பெரிய எழுத்திலும் அது வேண்டும் என்றே சொல்கிறது. இவர்கள் தெரிந்தெடுத்த அலங்கார எழுத்துருவில் அந்தக் கோடு இல்லை. முதல் வரைவில் தலைப்பு கோடின்றியே வந்தது. நான் கேட்காமலே அடுத்த வரைவில் எழுத்துருவை மாற்றிவிட்டார்கள் என்பது உண்மை, ஆயினும் புதிய எழுத்துரு மற்றைய பக்கங்களின் அழகோடு பொருந்தவில்லை. நாள் நெருங்கியதால் விட்டுவிட்டேன்.

ஜேர்மன் பக்கத் தலைப்பில் பாட்டியைக் குறிக்கும் 'குறோஸ்முட்டர்' என்னும் சொல் வருகிறது. ஜேர்மனியில் அதன் நடுவில் வரும் 'ஸ்' ஒலிக்கு இரட்டை எஸ்ஸுக்குப் பதிலாக ஒரு தனி எழுத்து உண்டு. சுவிற்சர்லாந்தில் அந்த எழுத்தைப் பயன்படுத்துவதில்லை, இரட்டை எஸ்ஸே எழுதுகிறார்கள். தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் அமைக்கும்போது ஜேர்மனியிலும் இரட்டை எஸ் எழுதுவதே நீண்ட கால வழக்கம். அந்தத் தனி எழுத்தின் பெரிய வடிவத்துக்கு 2017 ஆம் ஆண்டில்தான் அங்கே அதிகாரபூர்வ இடம் கிடைத்தது. ஜேர்மனிப் பேரனும் சூரிச் பேத்தியும் ஒரே பக்கத்தை வாசிக்கப் போகிறார்கள் என்பதால், முழுப் பெரிய எழுத்தில் இரட்டை எஸ்ஸோடு தலைப்பை அமைத்து, இருவருக்கும் வழக்கமான வடிவமாக்கிவிட்டார்கள். சிந்தித்துச் செய்த வேலை.

பெயர்களை எழுதிய முறைக்கும் பாராட்டு உரியது. தகப்பன் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே வரும் நம் வழக்கத்தால் வெளிநாடுகளில் எது குடும்பப் பெயர் என்று தெரியாமல் இடர்ப்படுவது நம்மவர் பலரின் அனுபவம். பிரெஞ்சு அலுவலக ஆவணங்களில் குடும்பப் பெயரை மட்டும் முழுவதும் பெரிய எழுத்தில் எழுதும் வழக்கம் இருக்கிறது. நினைவுமலரில் உற்றார் பட்டியலின் பிரெஞ்சு வடிவத்தில் அதையே பின்பற்றினார்கள். பாரிஸில் உள்ள மருமகள், தன் வேலையிடத்து நண்பர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டியபோது முதன்முறையாக எவரும் எதையும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாள்.

குறையைச் சொல்வதானால் நோர்வேஜியப் பக்கமே பெருங்குறை. அந்த மொழி தெரிந்தவர் நிலையத்தில் இல்லை. வெளியே ஒருவரிடம் மொழிபெயர்ப்பித்து வாங்கி, இங்கே தட்டச்சு செய்தபோது ஆங்கில விதியைப் புகுத்திவிட்டார்கள். நோர்வேஜியத்தில் நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், ஆனால் நாட்டவரின் பெயரும் மொழியின் பெயரும் சிறிய எழுத்தே. நோர்வேக்காரனைக் குறிக்கும் 'நூர்மன்', நோர்வேஜியத்தைக் குறிக்கும் 'நொஷ்க்', தமிழரைக் குறிக்கும் 'தமில்' எல்லாம் சிறியவை. கிழமையும் மாதமும் சிறியவை. நத்தாரைக் குறிக்கும் 'யூல்' என்னும் சொல்லுக்கும் பெரிய எழுத்து இல்லை. பிரெஞ்சு ஆளுக்கும் மொழிக்கும் இடையில் வைக்கும் வேறுபாட்டைக் கூட நோர்வேஜியம் வைப்பதில்லை. ஒஸ்லோப் பேரனுக்கு வரைவை அனுப்பியபோது அவன் பதினொரு இடங்களில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினான். ஒன்பதைத் திருத்தினார்கள், திங்கட்கிழமையும் தை மாதமும் அச்சில் பெரிய எழுத்திலேயே வந்துவிட்டன. என் கண்ணுக்கு அவை இயல்பாகத் தெரிந்ததால் நானும் கடைசி வரைவில் தவறவிட்டேன். அம்மா பிறந்த மாதமும் அவர் மறைந்த கிழமையும் பிழையாக நிற்பது எனக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது.

நிலையத்தாரிடம் இதற்கென ஒரு கேள்வித்தாள் இருக்கிறது: எந்த நாட்டுக்கு, கடவுச்சீட்டில் பெயர் எப்படி, சொல் ஆளையா மொழியையா குறிக்கிறது என்று கேட்டு நிரப்புகிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்தில் இருப்பதால், அதைப் பார்த்து மட்டும் எழுத முடியாது என்பதற்காகவே அந்தத் தாள். ஆனால் அது பிரெஞ்சு, ஜேர்மன், ஆங்கிலத்துக்கு மட்டுமே ஏற்றபடி அமைந்திருக்கிறது. நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளிலும் நம் உறவுகள் இருப்பதால் அதை விரிவாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் புளியந்தீவில் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டையை 1638 இல் கைப்பற்றிய ஒல்லாந்தரின் மொழியோ இவற்றுக்கு இடைப்பட்டது. இனத்துக்கும் மொழிக்கும் ஆங்கிலம் போலப் பெரிய எழுத்து, கிழமைக்கும் மாதத்துக்கும் பிரெஞ்சு போலச் சிறிய எழுத்து. ஒரு மொழியின் விதியை வைத்து மற்றதை ஊகிக்கவே முடியாது.

பிரெஞ்சு, ஜேர்மன், ஆங்கில வேலைகளுக்கு இந்த நிலையத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். நோர்வேஜியத்துக்கோ டேனிஷுக்கோ கொடுப்பவர்கள், அந்த மொழியில் பாடசாலை சென்ற ஒரு பிள்ளையிடம் கடைசி வரைவைக் காட்டிய பின்னரே அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள். படி செங்குத்தானது; முழங்கால் நோவு உள்ளவர்கள் கீழே கடையில் சொல்லி அனுப்பினால் அவர்களே இறங்கி வருகிறார்கள். மதியத்துக்குப் பின் தொலைபேசியை எடுப்பது அரிது, காலையில் நேரே போவது நல்லது.

பிழையை எடுத்துச் சொன்னபோது உரிமையாளர் எந்தச் சாட்டும் சொல்லவில்லை. நோர்வேஜியப் பக்கத்தைத் திருத்தி, 40 பிரதிகளை மறுபடி அச்சிட்டு, காசு வாங்காமல் சென்ற வாரம் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவற்றில் திங்கட்கிழமையும் தை மாதமும் சிறிய எழுத்தில் இருக்கின்றன. ஒஸ்லோவுக்கு அனுப்ப அவற்றைத் தனியே கட்டி வைத்திருக்கிறேன்.